வந்த மண்ணில் பதிந்த பெயர்கள்

பெங்களூரில் கவிபுரம் என்றதும் குகைக் கோயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மகர சங்கராந்தியன்று மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து கங்காதரேசுவரர் மீது விழும் காட்சியைக் காணப் பெருங்கூட்டம் கூடும். நம்மவர்களுக்கு அது பொங்கல் நாள். காலையில் வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு, மாலையில் அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் குழந்தை குட்டிகளோடு கிளம்பி வந்து வரிசையில் நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு.

அதே கவிபுரத்தில்தான் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வாழ்ந்த வீடும் இருக்கிறது. கோயிலுக்கு வருபவர்களில் அந்த வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கன்னடம் படித்தவர்களைக் கேட்டால் கைகூப்பாத குறையாக அந்தப் பெயரைச் சொல்வார்கள். ‘மாஸ்தி கன்னடத ஆஸ்தி’ என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த வாசகம். மாஸ்தி கன்னடத்தின் சொத்து என்று அதற்குப் பொருள். அந்தச் சொத்து வீட்டுக்குள் பேசிய மொழி தமிழ் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

1891-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி கோலார் ஜில்லா மாலூர் தாலுகாவில் பிறந்தவர் அவர். சென்னையில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துத் தேறி, 1914-இல் மைசூர் சமஸ்தானத்தின் சிவில் உத்தியோகத்தில் சேர்ந்தார். அமல்தாராகவும் அதற்கு மேற்பட்ட பதவிகளிலும் ஊர் ஊராக மாற்றலாகிப் போனார். பதவி உயர்வில் தமக்குரிய இடம் மறுக்கப்பட்டதாகக் கருதி 1943-இல் தாமாகவே உத்தியோகத்தை விட்டு விலகினார். மேலதிகாரியிடம் மனக்கசப்பு என்றால் குமாஸ்தாக்கள் காண்டீனில் பேசித் தீர்த்துக்கொள்வது வழக்கம். மனிதர் ராஜினாமாவே கொடுத்துவிட்டார். மறு ஆண்டு முதல் ‘ஜீவன’ என்ற மாதப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் நடத்தினார்.

எழுத்து ஓய்வுக்குப் பின் வந்ததல்ல. முதல் சிறுகதைத் தொகுதி 1920-லேயே வெளிவந்துவிட்டது. கன்னடத்தில் சிறுகதை என்ற இலக்கிய வகைக்கு வேர் பிடித்துக் கொடுத்தவர் என்றே அவரைச் சொல்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். ‘ஸ்ரீனிவாச’ என்பது புனைபெயர். சிறுகதைகளுக்காக 1968-இல் சாகித்திய அகாதமி பரிசும், ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீடமும் வந்தன. குடகு நாட்டின் கடைசி அரசனை 1834-இல் ஆங்கிலேயர் பட்டத்திலிருந்து இறக்கிய வரலாறு அந்த நாவலில் இருக்கிறது. தமிழிலும் அது வெளிவந்திருக்கிறது. அரசனைத் தியாகியாக்காமல், அவன் தன் கெடுதலைத் தானே தேடிக்கொண்ட விதத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1986-இல், சரியாகத் தமது பிறந்த நாளன்றே, 95 வயது நிறைந்த நிலையில் காலமானார்.

அமல்தார் ஜமாபந்திக்குப் போனால் ஊர்க் கணக்கைப் பார்ப்பார், நில வரியைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். மாஸ்தி அதோடு நிற்கவில்லை. கிராமத்துப் பெரியவர் சொல்வதைக் கேட்டார். பாட்டிமார் சொல்லும் பழங்கதையைக் கேட்டார். அவருடைய கதைகளில் பல, யாரோ ஒருவர் மற்றொருவருக்குச் சாவகாசமாகச் சொல்லும் பேச்சுப் போலவே தொடங்குகின்றன. அந்தக் காதுதான் அவரைக் கன்னடத்தின் சொத்தாக்கியது. கோட்டு, தலைப்பாகை, கையில் குடையுடன் கிளப்புக்கு நடந்துபோய்ச் சீட்டாடிவிட்டு வரும் எளிய மனிதராகவே அவரைப் பசவனகுடிக்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஞானபீடம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லையாம்.

மாஸ்தி மட்டுமா?

டி.பி. கைலாசத்தைக் கன்னட நாடகத்தின் தந்தை என்று சொன்னால் மறுப்பவர் இல்லை. மைசூர் நீதிபதி பரமசிவ ஐயரின் மகன். லண்டனுக்குப் போய் நில இயல் படித்துவந்த அந்தத் தமிழ்ப் பிராமணர், புராண வேஷங்களில் மூழ்கியிருந்த கன்னட மேடைக்கு நடுத்தரக் குடும்பத்துக் கூடத்தையும் சமையற்கட்டையும் கொண்டுவந்தார். பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம் என்று பெங்களூர்க்காரர் பேசும் பேச்சை அப்படியே மேடையில் ஏற்றினார். 1945-இல் கன்னட சாகித்திய சம்மேளனம் சென்னை நகரில் கூடியபோது அதற்குத் தலைமை வகித்தவர் அவரே. தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், கன்னட எழுத்தாளர்களின் தலைவராக அமர்ந்திருந்த காட்சியை இன்று எண்ணிப் பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. அடுத்த ஆண்டே அவர் மறைந்துவிட்டார்.

மேலுகோட்டையில் 1905-இல் பிறந்த பு.தி. நரசிம்மாச்சார், மைசூர் ராணுவ அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கவிதையும் இசை நாடகமும் எழுதினார். பைல்களுக்கு நடுவே இலக்கியம் வளர்க்க முடியாது என்று சலித்துக்கொள்ளும் குமாஸ்தாக்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். ஜி.பி. ராஜரத்தினம் குடிகாரன் ஒருவனின் வாய்மொழியாகப் பாடிய ‘ரத்னன பதகளு’ இன்றும் மெல்லிசைக் கச்சேரிகளில் ஒலிக்கிறது. அவர் குழந்தைகளுக்கு எழுதிய நாய்க்குட்டிப் பாட்டையும் தகர ஊதல் பாட்டையும் படிக்காமல் கன்னடப் பிள்ளை ஒன்றுகூட ஒன்றாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. அல்சூர்த் தமிழ்ப் பிள்ளையும் பள்ளியில் அதைத்தான் தலையாட்டிப் பாடுகிறது. பாடும் பிள்ளைக்கும், கேட்டு மகிழும் தாய்க்கும் எழுதியவரின் வீட்டு மொழி தெரியாது.

இந்த நால்வருமே கன்னட சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவர்கள். மாஸ்தி 1929-இல் பெல்காமில், கைலாசம் மேலே சொன்னபடி சென்னையில், ராஜரத்தினம் 1978-இல் டில்லியில், பு.தி.ந. 1981-இல் சிக்மகளூரில். தமிழர் என்பதற்காகக் கன்னடியர் யாரையும் ஒதுக்கவில்லை. கன்னடத்துக்கு ஞானபீடம் வாங்கித் தந்த எட்டுப் பேரில் மாஸ்திக்குத் தமிழ், த.ரா. பேந்த்ரேக்கு மராத்தி, கிரீஷ் கர்நாடுக்குக் கொங்கணி. பேந்த்ரே மாஸ்தியைத் தம் அண்ணனாகவே கொண்டாடியவர். மராத்தி வீட்டுத் தம்பியும் தமிழ் வீட்டு அண்ணனும் கன்னடத்தில் உறவாடினார்கள்.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வைத்த சிலைகளில் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் மூவரும் கடல் கடந்து வந்தவர்கள். பெங்களூரில் மகாத்மா காந்தி சாலை வழியாகப் போகிறவர்கள் மேயோ ஹால் பக்கம் நிற்கும் ஒரு வெள்ளைக்காரரின் சிலையைப் பார்த்திருப்பார்கள். கவர்னர் யாரோ என்று நினைத்தால் தவறு. 1894-இல் சுமார் எழுபதாயிரம் சொற்கள் கொண்ட கன்னட அகராதியை அச்சேற்றிய ஜெர்மானியப் பாதிரியார் கிட்டல் அவர்.

ஆலைக்காரனுக்கு இது பொருந்துமா?

இந்த இடத்தில் அல்சூர்க்காரரோ தங்கவயல்காரரோ ஒரு கேள்வி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

‘நீங்கள் சொல்கிறவர்கள் ஐயங்கார்கள், ஐயர்கள். தலைமுறை தலைமுறையாக மைசூர்ச் சீமையில் குடியிருந்தவர்கள். அமல்தார், நீதிபதி மகன், காலேஜ் வாத்தியார். எங்கள் பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க மூட்டை தூக்கி வந்தவன். பட்டாளத்துக்குச் சமைத்தான், சாலை போட்டான், ஆலையில் நூல் இழுத்தான். அவன் எப்போது கன்னடம் படித்து, எப்போது கதை எழுதுவது?’

நியாயமான கேள்வி. 1809-இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்டை அமைத்தபோது பட்டாளத்தின் பின்னாலேயே வந்தவர்கள் தமிழர்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட் வரை ரயில் வந்ததும் கூட்டம் கூடிற்று. 1880-களில் கோலார் தங்கச் சுரங்கம் தொடங்கியது. 1884-இல் பெங்களூரில் பஞ்சு ஆலை வந்தது. பூமிக்கு அடியில் இறங்கியவர்களும், ஆலைச் சங்குக்கு எழுந்து ஓடியவர்களும் படித்த வர்க்கம் அல்ல. கன்டோன்மென்டில் கன்னடம் தெரியாமலே பிறந்து வளர்ந்து காலம் தள்ளிவிட முடிந்தது. சிட்டிப் பக்கமும் கன்டோன்மென்ட் பக்கமும் 1949 வரை வெவ்வேறு நகராட்சிகளாகவே இருந்தன. இவர்களிடம் போய் மாஸ்தியைப் பார், கைலாசத்தைப் பார் என்று உபதேசம் செய்தால் கோபம் வராமல் இருக்குமா?

ஆகவே மாஸ்தியை விட்டுவிட்டு, வேறொரு கண்டத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையைப் பார்க்கலாம். அவருக்கு உத்தியோகமும் இல்லை, குலப் பெருமையும் இல்லை. ஏன், ஒரு நாட்டின் பிரஜை என்று சொல்லிக்கொள்ளக்கூட நீண்ட காலம் வழியில்லை.

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்ற ஊரைத் தமிழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1893-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி இரவு, முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் அந்த ஊரில்தான் இருக்கிறது. அதே ஊரில் 1937-இல், ஒரு மனநோய் மருத்துவமனையில் பிறந்தார் பெஸ்ஸி ஹெட். தாய் வெள்ளைக்காரி, தகப்பன் கறுப்பர், யாரென்றே தெரியாது. நிறவெறி தலைவிரித்தாடிய நாட்டில் இதைவிடப் பெரிய குற்றம் வேறென்ன வேண்டும்? பெற்றவளைப் பார்க்காமலே குழந்தை வளர்ப்பு வீட்டுக்குப் போயிற்று. வளர்த்தவளைத் தாய் என்று நம்பியிருந்த சிறுமியிடம், பதின்மூன்று வயதை ஒட்டி, உன் தாய் இவள் அல்ல, அவள் பைத்தியம் பிடித்த ஒரு வெள்ளைக்காரி என்று பாதிரிமார் விடுதியில் சொன்னார்கள்.

அந்த விடுதி டர்பன் நகரில் இருந்தது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்கள் இறங்கிய துறைமுகம் அது. பிற்காலத்தில் பெஸ்ஸி ஹெட்டுக்கு இந்து சமயத்தில் ஈடுபாடு உண்டானதற்கு டர்பன் இந்தியர்களே காரணம்.

ஆசிரியைப் பயிற்சி, பிறகு பத்திரிகை நிருபர் வேலை, கல்யாணம், ஒரு மகன், கணவனோடு பிரிவு என்று ஓடிய வாழ்க்கை 1964-இல் ஒரு முடிவுக்கு வந்தது. பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வரக் கூடாது என்ற அனுமதிச் சீட்டு கிடைத்தது. திரும்பும் டிக்கெட் இல்லாத பயணம். கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகனோடு பக்கத்து நாடான பெச்சுவானாலாந்துக்குப் போனார். 1966-இல் சுதந்திரம் அடைந்து போட்ஸ்வானா என்று பெயர் மாறியது அந்த நாடுதான். பலாப்யே ரயில் நிலையத்திலிருந்து மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, செரோவே என்ற பெரிய கிராமத்தில் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்தார்.

அந்த வேலை இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. பிறகு அகதி என்ற பட்டம். போலீசில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டுறவுத் தோட்டம் ஒன்றில் உள்ளூர்ப் பெண்களோடு பாத்தி கட்டிக் காய்கறி பயிரிட்டார். பழம் பறித்து ஜாம் காய்ச்சினார். இரவில் எழுதினார். ஊருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரை ஊரார் அந்நியளாகப் பார்த்தார்கள். அவரும் ஊராரோடு சண்டை போட்டார். ஒருமுறை மனநோய் முற்றி, நாட்டின் ஜனாதிபதியையே பழித்து நோட்டீஸ் எழுதித் தபாலாபீஸ் சுவரில் ஒட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. செட்ஸ்வானா மொழி அவருக்குக் கடைசிவரை சரளமாக வரவில்லை. எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்.

இப்படிப்பட்டவரை அந்த மண் எதற்காக நினைவில் வைத்துக்கொண்டது?

1968-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் பெயரைத் தமிழில் ‘மழை மேகங்கள் கூடும்போது’ என்று சொல்லலாம். எல்லைக் கம்பிவேலியைத் தாண்டி ஓடிவரும் ஓர் அகதி, வறண்ட கிராமம் ஒன்றில் விவசாயம் பார்த்து ஊன்றிக்கொள்ளும் கதை. அந்தப் புத்தகத்தில் வந்த பணத்தில் செரோவேயில் ஒரு சின்ன வீடு கட்டி, அதற்கு ‘மழை மேகங்கள்’ என்றே பெயர் வைத்தார். 1971-இல் வந்த ‘மாரு’ நாவலில், அங்கே தாழ்த்தி வைக்கப்பட்ட மசார்வா இனத்தில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியையைக் கதாநாயகியாக்கினார். புகலிடம் கொடுத்த ஊரின் சாதித் திமிரை அந்த ஊரில் இருந்துகொண்டே எழுதினார். நன்றி என்பது வாயை மூடிக்கொள்வது என்று அவர் நினைக்கவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது செரோவேயைப் பற்றியே அவர் எழுதிய நூல். 1981-இல் வெளிவந்தது. ஏறத்தாழ நூறு பேரை உட்கார வைத்துப் பேச்சுக் கேட்டுத் தொகுத்தார். மொழி தெரியாத குறையைத் துபாஷிகளை வைத்துச் சமாளித்தார். கூரை வேய்பவர், சட்டி பானை வனைபவர், தோல் பதனிடுபவர், பழைய அரசன் காமாவின் காலத்தை நேரில் கண்ட கிழவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்ச்சொல்லாகவே அச்சிட்டார். அந்தக் கிழவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செரோவேயின் இன்றைய பேரப் பிள்ளை தன் தாத்தாவின் கூரை வேயும் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், வேற்றூரிலிருந்து வந்த ஒரு அகதிப் பெண்ணின் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

1977-இல் குடியுரிமை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியாயிற்று. 1979-இல் கிடைத்தது. வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து! 1986 ஏப்ரலில், 48 வயதில், மஞ்சள் காமாலை கண்டு செரோவேயிலேயே இறந்தார். மாஸ்தி மறைந்ததும் அதே ஆண்டில்தான். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் செரோவேயில் உள்ள மூன்றாம் காமா நினைவு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் பெயரில் அறக்கட்டளை ஏற்பட்டு, போட்ஸ்வானா எழுத்தாளர்களுக்கு இலக்கியப் பரிசு கொடுத்துவந்தது. வெளியே போ, திரும்பி வராதே என்ற நாடும் 2003-இல் மிக உயர்ந்த கலை விருதை அவர் பெயருக்கு அளித்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர நூலகத்துக்கு இப்போது பெஸ்ஸி ஹெட்டின் பெயர்.

மாஸ்தி மொழியை எடுத்துக்கொண்டார். பெஸ்ஸி ஹெட்டால் அது முடியவில்லை. ஊராரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டார். கவிபுரத்துப் பெரியவருக்கும் செரோவே அகதிக்கும் பொதுவாக இருந்தது, பிறர் பேசும்போது உட்கார்ந்து கேட்ட பொறுமை.

பெங்களூர்த் தமிழர் விட்டுவைத்தது என்ன?

இந்த நகரத்தின் கட்டடங்களில் பாதிக்குக் கல் சுமந்தவர்கள் தமிழர்கள். ரயில்வே, ஆலை, சாக்கடை, பூச்சந்தை, காய்கறி வண்டி எங்கும் அவர்கள் கை இருக்கிறது. ஆனால் அந்தக் கைகளின் கதை எங்கே? பின்னி ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு, அந்த ஆலை இருந்த இடத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகள்தான் தெரியும். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு உழைப்பு அன்றோடு முடிந்தது. பிறகு தங்கவயல் பெயரை வைத்துக் கன்னடத்தில் ஒரு சினிமா வந்து நாடெங்கும் ஓடியது; துப்பாக்கிச் சண்டைக்கு அதில் குறைவில்லை. மூச்சுக்குழாயில் கல்தூசு படிந்து செத்த சாம்பியன் ரீப் தொழிலாளியை அந்தப் படத்தில் தேடினால் கிடைக்க மாட்டான். தமிழில் எழுதப்பட்ட சில நூல்கள் உண்டு. அவை கன்னட வாசகரின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத கதை, ஊருக்கே தெரியாத கதைதான்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991-இல் வைக்கப்பட்டது. திறக்க விடவில்லை. கோணி சுற்றிய நிலையில் வள்ளுவர் பதினெட்டு ஆண்டுகள் நின்றார். 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதிதான் திறப்பு விழா நடந்தது. நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு அரசுகள் பேசி முடித்துச் செய்த நல்ல காரியம் அது. ஆனால் வள்ளுவரை மூடி வைத்த அதே நகரம், தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்த மாஸ்தியை ஞானபீடம் வந்த நாளில் கொண்டாடியதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுத்துப் படித்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று எவரும் சொல்ல முடியாது. 1991 டிசம்பரில் காவிரித் தகராறில் வீடு எரிந்தவர்களில் நன்றாகக் கன்னடம் பேசத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தீ வைத்தவன் பரீட்சை வைத்துவிட்டுத் தீ வைக்கவில்லை. 2016-இல் பஸ்களை எரித்தவர்களும் அப்படித்தான். அந்தக் குற்றம் செய்தவர்களுடையது. பாதிக்கப்பட்டவன் தலையில் அதைக் கட்டக் கூடாது.

ஆனால் வேறொரு கணக்கு இருக்கிறது. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வெளியே பஸ் நிற்கும் இடத்தில் சற்று நேரம் நின்றால் தெரியும். முப்பது வருஷம் இந்த ஊரில் கொத்து வேலை செய்த பெரியவர், பஸ்ஸின் நெற்றியில் உள்ள பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பையனிடம், ‘தம்பி, இது எங்கே போவுது?’ என்று கேட்பார். நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. அவரே கண்டக்டரிடம் கன்னடத்தில் சரளமாகச் சில்லறை கேட்டுச் சண்டையும் போடுவார். வாய்க்குக் கன்னடம் வந்துவிட்டது, கண்ணுக்கு வரவில்லை. பெங்களூர்த் தமிழரில் பழைய தலைமுறைக்கு இதுதான் நிலைமை. இளைய தலைமுறையிலோ பலருக்குக் கன்னடம் படிக்க வருகிறது, தமிழ் படிக்க வரவில்லை. தாத்தாவுக்கு ஒரு கண், பேரனுக்கு மறு கண்.

இந்த இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் என்ன? தாத்தா தமிழில் சொல்லட்டும், பேரன் கன்னடத்தில் எழுதட்டும். ஆலையில் என்ன ஷிப்டு, எத்தனை ரூபாய் கூலி, 1981-இல் பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அடுப்பு எப்படி எரிந்தது, கோலார் சுரங்கத்தில் கூண்டு இறங்கும்போது யார் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம். இதற்கு எம்.ஏ. பட்டம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலும் போதும். பெஸ்ஸி ஹெட்டிடம் அதைவிட அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் அமைப்புகளுக்குக் குறைவில்லை. பொங்கல் விழா, பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி எல்லாம் நடக்கட்டும். நடிகரை அழைத்து மாலை போடும் செலவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, ஆண்டுக்கு ஒரு புத்தகம், தமிழில் பாதி கன்னடத்தில் பாதியாக, இந்தப் பழைய தொழிலாளிகளின் வாய்ச்சொல்லை அச்சிடலாம். தமிழ் நூலகங்களில் மாஸ்தியின் தமிழாக்கம் ஒரு பிரதியாவது இருக்கிறதா என்று பொறுப்பாளர்கள் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். கன்னட எழுத்து வகுப்பை வேலை விட்டு வருகிறவர்களுக்கு வசதியாக இரவு ஏழு மணிக்கு மேல் வைக்கலாம். மத்தியானம் மூன்று மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

அதுவும் சீக்கிரம் நடக்க வேண்டும். 2001-இல் சுரங்கம் மூடியபோது ஐம்பது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்து. ஆலை வேலையை நேரில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதையும் தாண்டிவிட்டார்கள். சென்ற ஆண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இந்தப் பொங்கலுக்கு இல்லை.